மாதிரிப் படத்தில் இல்லாத மேகம்

வானம் காய்வதற்குள் கலந்தாக வேண்டும். அதனால் அந்தக் கூடத்தில் மின்விசிறி ஓடாது. அக்ரிலிக் வண்ணம் காற்றுப் பட்டால் சொன்ன பேச்சு கேட்காது. மேலே பூசிய நீலமும் கீழே பூசிய வெள்ளையும் ஒன்றில் ஒன்று கரைவதற்கு முன்பே நடுவில் கோடு விழுந்து இறுகிவிடும்.

ஓட்டல் அறைகளுக்குப் படம் செய்து அனுப்பும் பட்டறை அது. எல்லாப் படங்களிலும் அதே ஏரி, அதே கரை. ஒருத்தி வானம் மட்டும் பூசுவாள். அடுத்தவள் மரம் மட்டும். சுவரோரம் இருக்கும் பெரியவர் தண்ணீர் மட்டும்.

வானம் பூசுகிறவளுக்கு ஏழாம் மாதம். மரக்காரி அவளுக்கு ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. சின்னவள் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, கான்வாஸ்மேல் தண்ணீரைப் புகைபோல் தெளித்தாள்.

"முகத்துலயும் கொஞ்சம் அடிச்சுக்கயேன்," என்றாள் மரக்காரி.

"இது படத்துக்குத் தர்ற தண்ணிக்கா. எனக்கு அடிச்சா சூப்பர்வைசர் சாருக்கு நெஞ்சு வலிக்கும்."

பெரியவர் திரும்பாமலே சிரித்தார். வண்ணம் மெதுவாகக் காய்வதற்கு என்று ஒரு திரவம் கடையில் கிடைக்கிறது. அதில் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் மின்விசிறி போட்டுக்கொள்ளலாம் என்று அவள் ஒருமுறை கேட்டாள். "அதெல்லாம் படத்துக்குக் கீழே தன் பேரை எழுதி விக்கறவங்களுக்கு," என்றார் மேற்பார்வையாளர். போன வாரம் அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஒரு படம் கெட்டாலும் வீட்டுக்குப் போயிடு. குழந்தை பொறந்தப்புறம் கூப்பிடுறேன்." அப்படிப் போன யாரையும் அவர் கூப்பிட்டதில்லை. அவள் கணவனுக்கும் அவன் அண்ணனுக்குமோ ஆலை மூடியதிலிருந்து வேலை இல்லை. அந்த வீட்டில் இப்போது சம்பாதிப்பது இந்த இரண்டு பெண்கள்தான்.

மதியத்துக்கு மேல், உச்சியில் கொஞ்சம் வானம் மிச்சமிருக்கும்போது அவள் கை நின்றது. தூரிகையைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மரக்காரி பாய்ந்து வந்து தாங்கி, சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"கண்ணை மூடிக்கோ. வானம் எங்கேயும் ஓடிடாது."

"ஓடிடும்க்கா. காயுது பாருங்க."

மேற்பார்வையாளர் வாசலில் படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மரக்காரி தூரிகையை எடுத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரிக் கலந்து, விட்ட இடத்திலிருந்து பூசி முடித்தாள். வித்தியாசமே தெரியவில்லை. "நீ ரொம்பத்தான் பீத்திக்கறே, இவ்வளவுதானா வானம்!" என்றாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குப் புரையேறியது.

காலையில் வந்து பார்த்தால் வானத்தில் திட்டாகக் கறுத்திருந்தது. அக்ரிலிக் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட ஒரு படி கறுப்பு. மரத்தில் நாலு இலை கறுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் மரக்காரிக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை.

"அய்யோ, உன் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே," என்றாள்.

"சும்மா இருங்கக்கா. எங்கேயோ இடிச்சுக்கிட்டு வானம் கன்னிப்போயிருக்கு, அவ்வளவுதான். ஒத்தடம் குடுத்தாப் போச்சு."

நீலத்தைப் புதிதாகப் பூசினால் முழு வானத்தையும் பூச வேண்டும். நேரமில்லை. அவள் வெள்ளையைக் கந்தைத் துணியில் தொட்டு, திட்டின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஓரங்களை விரலால் கரைத்தாள். திட்டு இருந்த இடத்தில் ஒரு மேகம் நின்றது. அடிவயிறு மட்டும் லேசாகக் கறுத்த, மழை பிடித்த மேகம்.

மேற்பார்வையாளர் வந்தவுடன் கண்ணில் அதுதான் பட்டது.

"மாதிரிப் படத்துல மேகம் ஏது? யார் போட்டது?"

"நான்தான் சார்," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

அவர் இருவரையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். கைப்பேசியில் படம் பிடித்து ஓட்டல்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, "அவங்க வேண்டாம்னா நீ கிளம்பு," என்று சின்னவளிடம் சொன்னார்.

பதில் வரும்வரை மரக்காரி ஒரே கிளையில் இலைகளை அப்பிக்கொண்டே இருந்தாள். பெரியவர் தூரிகையைக் கழுவிய தண்ணீரிலேயே திரும்பவும் கழுவினார். சின்னவள் மட்டும் அடுத்த வானத்தை ஆரம்பித்திருந்தாள்.

கைப்பேசி அடித்தது. மேற்பார்வையாளர் வெளியே போய்ப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார்.

"மேகம் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. எல்லாப் படத்துலயும் வேணுமாம். கட்டி வெச்சதையும் பிரிங்க. சாயங்காலம் வண்டி."

"அப்ப கூலி, சார்?" என்றாள் மரக்காரி.

"அதே சைஸ் படம்தானேம்மா." சின்னவள் பக்கம் திரும்பினார். "உனக்கென்ன, அதிர்ஷ்டக்காரி. பொறக்கற வரைக்கும் நீ இங்கேயே இருக்கலாம்."

"சரி சார்," என்றாள் அவள். அவள் முகம் மலர்ந்தது.

கட்டுகளைப் பிரித்துப் படங்களைச் சுவர் நெடுகச் சாய்த்து வைத்தார்கள். வரிசை கதவைத் தாண்டி நடைக்கும் போனது. மேகம் படத்தின் உச்சியில் இருந்தது. உட்கார்ந்தால் எட்டாது. அவள் கால்களை அகட்டி நின்று, கையை மேலே தூக்கி ஒற்றத் தொடங்கினாள். மூன்றாவது படத்தில் இடுப்பு பின்னால் வளைந்தது.

மரக்காரி தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, முதுகில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"அக்கா, கையெல்லாம் பெயிண்ட்டு."

"இருக்கட்டும். நீ பூசு."

நாலாவது படத்துக்கு நகர்ந்தபோது, அவள் இடுப்புக்கு மேலே துணியில் ஐந்து விரல்களும் பச்சையாகப் பதிந்து, அதற்குள் காயத் தொடங்கியிருந்தன.