கால் போத்தல் அமிலம்

கோணேசன் அடித்தால் சத்தம் வெளியே போகாது. அதில் அவன் வலு கெட்டிக்காரன். டெனிஸ் நகரமான ரண்டர்ஸில் அவர்கள் இருந்த மாடிவீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினாலும் கேட்கும். ஆனாலும் பதினொரு வருஷமாக ஒருவரும் வந்து கதவைத் தட்டியதில்லை. மனைவியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு இடிப்பான், விரலை முறிப்பான், பிறகு வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் முன்வரிசையில் நிற்பான். நாசமாய்ப் போவான். அவன் முறித்த சுண்டுவிரலோடுதான் ஷர்மினி முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டினாள்.

அடியைவிட அவள் பயந்தது ஒரு போத்தலுக்கு. சீமெந்துக் கறை கழுவ வாங்கிய ஐதரோகுளோரிக் அமிலத்தில் கால் போத்தல் மிச்சம், குளியலறைத் தட்டில் இருந்தது. பார்த்தால் பச்சைத்தண்ணி. அவள் ஒரு சொல் எதிர்த்துச் சொன்னால் அவன் கண் அந்தத் தட்டுக்குப் போகும். உன்ரை முகம் இருக்காது என்பான், மெதுவாக. விபோர்க்கிலிருந்த தமக்கை பிரியந்தியிடம் போனில் அழுதபோது, அது சும்மா வெருட்டு, ஊத்திறவன் சொல்லிப்போட்டோ ஊத்துவான் என்று அக்கா கேட்டாள். ஷர்மினியும் அதை நம்பத்தான் பார்த்தாள். நம்பாமல் அந்த வீட்டில் எப்படிப் படுத்தெழும்புவது?

தாதிப் படிப்புக்கு முதலில் இரசாயனம் சித்தியடைய வேண்டும் என்றார்கள். வளர்ந்தோர் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் ஆசிரியை அமிலக் கரைசலுக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இதற்குப் பெயர் நடுநிலையாக்கம், இப்போது மிஞ்சியிருப்பது உப்பும் நீரும்தான் என்றாள். மற்றவர்கள் கொப்பியில் எழுதினார்கள். ஷர்மினி குளியலறைத் தட்டை நினைத்தாள். வகுப்பு முடிந்ததும், அமிலம் இருந்தால் சிவக்கும் அந்தத் தாளில் நாலு துண்டு கேட்டு வாங்கினாள்.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போன கையோடு யன்னலைத் திறந்து, கண்ணாடியும் கையுறையும் போட்டு, வாளித் தண்ணீருக்குள் அமிலத்தை மெல்ல ஊற்றினாள். தண்ணீருக்குள்தான் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. அந்த விதியை மூன்று தரம் வாய்க்குள் சொன்னாள். பிறகு அப்பச்சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டாள். வாளி நுரைத்துச் சீறியது. நுரை அடங்கும்வரை போட்டாள். தாள் சிவக்கவில்லை. போத்தலைக் கழுவி, அந்தக் கரைசலையே பழைய அளவுக்கு நிரப்பி, இருந்த இடத்தில் வைத்தாள்.

அன்றைக்கே வீட்டைவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். சொல்வது சுகம். ஊத்தமாட்டான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு அந்தக் கலியாணத்தில் மிஞ்சியிருந்தது. அதையும் தூக்கியெறிய மனம் வரவில்லை.

சோதனைக்கு முதல்நாள் பின்னேரம் அவன் தாதிப் படிப்புக்காக அவளைச் சோதனை எழுத அழைத்த கடிதத்தைக் கண்டெடுத்தான். தாதியாகிப்போட்டு என்னை விட்டிட்டுப் போகப்போறியோ என்று கேட்டான். ஓம் என்று வாயில் வந்துவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை.

முதல் குத்தில் உதடு கிழிந்தது. மயிரில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் தள்ளினான். விழுந்தவளின் விலாவில் இரண்டு உதை. பிறகு தட்டுக்குக் கை நீட்டி, மூடியைத் திருகி, தன்மேல் தெறிக்காமல் ஓரடி பின்னுக்கு நின்று, அவள் முகத்தில் ஊற்றினான்.

கண் எரிந்தது. கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று நினைத்தாள். கிழிந்த உதட்டில் கரித்தது. உப்பு.

கண்ணைத் திறந்தாள். கோணேசன் அவளைப் பார்க்கவேயில்லை. மணிக்கட்டில் இரண்டு துளி தெறித்துவிட்டது அவனுக்கு. குழாயை முழுக்கத் திறந்து, பதறிப் பதறித் தன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாய் அவள் தலையிலிருந்து ஒரு முழம். திரும்புவானோ என்று பார்த்துக் கிடந்தாள். ஒரு கை தண்ணீர்கூட அவள் பக்கம் அள்ளி விடவில்லை.

“வடிவாக் கழுவுங்கோ,” என்றாள். “உப்புத்தண்ணிதான்.”

அவன் திரும்பி, முழுசாக இருந்த அந்த முகத்தைப் பார்த்தான். பேயறைந்தவன்போல நின்றான். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, அவனைக் கடந்து படியிறங்கி, தெருவில் நின்று அவசர உதவிக்கு 112ஐ அழைத்தாள். முகத்தில் என்ன ஊற்றினார் என்று மறுமுனையில் டெனிஸில் கேட்டார்கள். அவளும் டெனிஸில்தான் சொன்னாள், நிதானமாக.

“அவன் ஊத்தினது அமிலம். என்னிலை பட்டது உப்புத்தண்ணி.”