கடைசித் தண்ணீர்

"குளியல் நீர் தயாராகிவிட்டது. தயவுசெய்து வாருங்கள்."

சமையலறைச் சுவரில் பதித்திருந்த வெந்நீர்க் கருவி இனிக்க இனிக்கச் சொன்னது. முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் தொகியே கத்தியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் தலை தாழ்த்தினாள்.

"வந்துட்டோம்மா. ஒரு நாள் தவறாம கூப்புடுற, நீ நல்லா இருக்கணும்."

அடுப்போரம் நின்ற மருமகள் மினோரிக்குப் பற்கள் தந்தியடித்தன. மதியம் முழுக்கக் கூரைமேல் ஏறி இடுப்பளவு பனியைத் தள்ளிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள். நனைந்த காலுறை பாதத்தோடு ஒட்டிக்கிடந்தது. தன்னை அறியாமல் குளியலறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள்.

"எங்க போற?" என்றாள் தொகியே. "விருந்தாளி இருக்காருல்ல?"

விருந்தாளி, ஆயுள் காப்பீடு விற்க வந்து பனியில் கார் புதைந்து மாட்டிக்கொண்டவர். அவர் முதலில் போனார். அப்புறம் மாமனார் கென்சாக்கு. அப்புறம் கணவன் சுசுமு. அப்புறம் தொகியே. வெளியே சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கி ஊறுவார்கள் என்றாலும், எல்லோருக்கும் தண்ணீர் ஒன்றுதான். ஐந்தாவது ஆளாக மினோரி இறங்கியபோது காப்பீட்டுக்காரரின் தலையெண்ணெய் வாசம் மட்டும்தான் மிச்சம் இருந்தது, சூடு இல்லை. மறுபடி சூடாக்கும் பொத்தான் சமையலறையில் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பற்றி ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஒருத்திக்காக காஸ் எரிக்கணுமா?" என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் அந்தக் கருவியின் குரல் மினோரியுடையதுதான்.

டோக்கியோவில் பதினோரு வருஷம் அவள் கார்ட்டூன்களுக்கும் விளம்பரங்களுக்கும் குரல் கொடுத்துப் பிழைத்தவள். பத்து வயதுப் பையன்கள், பூனைக்குட்டிகள், ஒரு விளம்பரத்தில் தேம்பி அழும் வெங்காயம். வெந்நீர்க் கருவிக்கு ஒரே ஒரு மத்தியானம் நாற்பது வாக்கியம் பேசிக் கொடுத்தாள். சொந்தக் குரல் வேறு மாதிரி. கத்திக் கத்தி, தகரத்தை மணலில் இழுத்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

முப்பத்து மூன்று வயதில், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னாள். மேலாளர் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ரசிகர்கள்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கீழ கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு மன்னிப்பு?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணம் குத்தமா சார்?"

"சேச்சே, யாரு குத்தம்னா? ஆனா நீங்க இப்ப பத்து வயசுப் பையன். பத்து வயசுப் பையன் கல்யாணம் கட்டுனா ஜனங்க மனசு என்ன பாடு படும்?"

அவர் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற நான்கு பேரும் சிரிக்கவில்லை. மினோரி கையெழுத்துப் போடாமல் வேலையை விட்டுவிட்டு, யமகத்தா மலைப்பக்கம் செர்ரித் தோட்டம் வைத்திருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். பொண்ணு ஏதோ ஒலி சம்பந்தமான கம்பெனி என்று சுசுமு வீட்டில் சொல்லிவைத்திருந்தான். ரேடியோ ரிப்பேர் என்று தொகியே எடுத்துக்கொண்டாள். "கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்றேன்" என்றான் சுசுமு. இரண்டு வருஷம் போய்விட்டது.

இதற்கிடையில் தொகியேவுக்கு அந்தச் சுவர்க்குரல் மேல் உயிர். "அந்தப் பொண்ணைப் பாரு, எப்படிப் பேசுது! எதுத்து ஒரு வார்த்த? நல்ல தாய் வளத்த புள்ள. உன் தொண்ட இருக்கே, காக்காகூடக் காதப் பொத்திக்கும்."

இப்போது புதிதாக ஒரு சண்டை. மினோரி போன இலையுதிர் காலத்தில் கனரக வண்டி உரிமம் எடுத்திருந்தாள். ஏப்ரலில் இருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்ட வரச்சொல்லி நகர அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருந்தது. "இந்த வீட்டு மருமக ஸ்டீரிங் புடிக்கிறதா? நடக்காது" என்று தொகியே அந்தக் கடிதத்தை ஊறுகாய்ச் சாடியில் பாரத்துக்கு வைத்த கல்லுக்கு அடியில் வைத்துவிட்டாள். நான்கு நாளில் அது டர்னிப் ஊறுகாய் வாசம் அடிக்கத் தொடங்கியது.

காப்பீட்டுக்காரர் வந்த அன்று, ஆறின தண்ணீரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்த மினோரியின் கண்ணில் சுவரில் இருந்த பேச்சுப் பொத்தான் பட்டது. வழுக்கி விழுந்தால் சமையலறையைக் கூப்பிடுவதற்காக வைத்தது; பேசினால் அங்கே வெந்நீர்க் கருவியில் கேட்கும். அதை அழுத்தினாள். வாய் தானாகக் குவிந்தது. இரண்டு வருஷமாக எடுக்காத குரல் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீர் ஆறிவிட்டது. மீண்டும் சூடாக்கவும்."

சமையலறையில் நாற்காலி தடதடவென்று நகர்ந்தது. "அடடா, கவனிக்கலியே, மன்னிச்சுக்கம்மா!" தொகியேவின் விரல் பொத்தானை அழுத்தியது. மினோரியின் முதுகுப் பக்கம் வெந்நீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள்.

மறுநாள் தொட்டியைத் தேய்க்கும்போது இன்னொரு தடவை அழுத்தினாள். "பழைய முறை மாற்றப்பட்டுள்ளது. பனி தள்ளியவர் முதலில் குளிக்கவும்."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்த வீட்டுல ஆம்பளதான் முதல்ல" என்று கென்சாக்கு முறைத்தார்.

"உங்கப்பன் காலத்துல மெஷின் இருந்துச்சா?" என்றாள் தொகியே. "அது படிச்ச மெஷின். காரணமில்லாம சொல்லுமா? ஏய் மினோரி, நிக்காத, போய்க் குளி. அது கோவிச்சுக்கப் போகுது."

மூன்றாம் நாள், மூத்த மகன் தொட்டி கழுவ வேண்டும் என்று உத்தரவு வந்தது. உண்மை தெரிந்த சுசுமு பிரஷை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தாம் நாள், குளிப்பதற்கு முன் புகைக்கக் கூடாது என்றது. கென்சாக்கு சிகரெட்டை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து முணுமுணுத்தார். தெருவில் விஷயம் பரவி, பக்கத்து வீட்டு மாமியார்கள் இரண்டு பேர் கேக் டப்பாவோடு வந்து கருவி முன்னால் மண்டியிட்டார்கள். ஒருத்தி தன் பேரன் பரீட்சையில் தேறுவானா என்று கேட்டாள். மினோரி அப்போது கூரைமேல் இருந்தாள், பதில் வரவில்லை.

"அது கண்டதுக்கும் வாயத் தொறக்காது" என்றாள் தொகியே பெருமையாக.

"போதும் மினோரி" என்றான் சுசுமு தனியாக இருக்கும்போது.

"ரெண்டு வருஷமா நான் சொன்னது யாரு காதுலயும் ஏறலியே. இது ஏறுதுல்ல?"

"அது நீ இல்லியே."

அவளுக்குச் சுருக்கென்றது.

நகர அலுவலகத்துக்குப் பதில் எழுத வேண்டிய கடைசி நாள் வந்தது. சுசுமுவின் முறை என்றாலும் அன்று அவனைத் தடுத்துவிட்டு மினோரியே தொட்டி தேய்க்கப் போனாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. சமையலறையில் இருந்து யாரோ அழைக்கிறார்கள்.

"அம்மா, தாயி" என்றது தொகியேவின் குரல். "ஒரு யோசன கேக்கணும். எங்க மருமக பஸ் ஓட்டணும்னு நிக்கிறா. விடலாமா? நீ என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான். விடலாம். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போது அந்தத் தட்டச்சுக் காகிதம் நினைவுக்கு வந்தது. அங்கே பத்து வயதுப் பையனாக இருந்தவரை எல்லோரும் கொண்டாடினார்கள். இங்கே வெந்நீர்க் கருவியாக இருக்கும்வரை கும்பிடுவார்கள். பஸ்ஸை யார் ஓட்டுவது?

மினோரி ஈரக்கையோடு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"ஓட்டப் போறேன், அத்தே."

"உன்னை யாரு கேட்டா? நான் அந்தப் பொண்ணைக் கேட்டேன்."

"அந்தப் பொண்ணு நான்தான்." மினோரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "குளியல் நீர் தயாராகிவிட்டது. தயவுசெய்து வாருங்கள்."

அடுத்த அறையில் இருந்து கென்சாக்கு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். யாரும் வழிவிடாததைக் கண்டு கதவருகிலேயே நின்றுவிட்டார்.

தொகியே மருமகளின் வாயையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தன நாளா உனக்கா கும்புடு போட்டேன்? மருமககிட்டயா மன்னிப்புக் கேட்டேன்?"

"நான் சொன்னது நியாயமா இல்லியா அத்தே? அத மட்டும் சொல்லுங்க."

"நியாயமாம் நியாயம்!" தொகியேவின் குரல் கிறீச்சிட்டது. "இந்த வீட்டுல முப்பத்தொம்பது வருஷம் கடைசியா குளிச்சவ நான். என் மாமியா தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டுத்தான் போனா. நீ வந்த பெறகுதான் கடைசிக்கு முந்தினவளானேன். ஒரே ஒரு படி. அதயும் புடுங்கப் பாக்குறியா நீ?"

தொகியே மகனைக் கூப்பிட்டு, கருவியின் குரலை நிறுத்தச் சொன்னாள். சுசுமு கையேட்டைப் புரட்டி ஏதோ ஒரு பொத்தானை நெடுநேரம் அழுத்தினான். கருவியின் அறிவிப்பு ஊமையானது; பேச்சுப் பொத்தான் மட்டும் மிஞ்சியது. மினோரி ஊறுகாய்ச் சாடியின் கல்லைத் தூக்கி, கடிதத்தை எடுத்து, உதறிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரலில் பஸ் ஓடியது. வீட்டில் குளியல் வரிசை பழையபடி திரும்பிவிட்டது. மினோரி மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை. ஓட்டிவிட்டு வந்ததும் தானே தண்ணீர் நிரப்பி, தானே முதலில் இறங்கினாள். தொகியே பாத்திரங்களை முட்டவிட்டதோடு சரி. ஆனால் அந்த "ஒரே ஒரு படி" பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மினோரிகூடவே வந்தது. ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், நிரம்பிய தொட்டியின் மூடியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

"அத்தே, இன்னிக்கி நீங்க முதல்ல போங்க."

"பைத்தியமா உனக்கு? அவரு இன்னும் குளிக்கல."

"குளிப்பாரு. மாமா, நீங்க கொஞ்சம் உக்காருங்க."

கென்சாக்கு துண்டோடு உட்கார்ந்தார். தொகியே திட்டிக்கொண்டேதான் போனாள். கதவு சாத்தும் சத்தம், உடம்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. மினோரி கவலையோடு எழப்போனபோது சமையலறைச் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

"தண்ணி... அடி வரைக்கும் தெரியுது" என்றாள் தொகியே. மெல்லிய, கூச்சப்பட்ட குரல். "நான் இறங்கலாமா?"

மினோரி தன் தகரக் குரலிலேயே சொன்னாள்: "இறங்குங்க, அத்தே."

மறுபடி பச்சை விளக்கு எரிந்தது.

"மினோரி... கோவிச்சுக்காத. அந்தப் பொண்ணு கொரல்ல ஒரு தடவ சொல்லிடேன். அப்பத்தான் எனக்குக் காலு நகரும்."

அறுபத்தைந்து வயதுப் பெண்மணி, சொந்த வீட்டில், துணியில்லாமல் நின்று, சுவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். மினோரி பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டா, அத்தே. இங்க நான் மட்டும்தான் இருக்கேன். உங்களுக்கா எப்ப தோணுதோ அப்ப இறங்குங்க."

கென்சாக்கு எதையோ சொல்ல வாயெடுத்தார். மினோரி திரும்பிப் பார்த்ததும் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து, விளிம்பு வரை நிறைந்த தொட்டியில் ஓர் ஆள் இறங்கும் சத்தமும், தண்ணீர் நாலா பக்கமும் வழிந்து தரையில் ஓடும் சத்தமும் சுவர் வழியாகக் கேட்டன.