துல்கர்னைன் வீட்டு டீ

வடகரைத் துல்கர்னைனின் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சர்க்கரை இறங்கினால்தான் கத்தியை எடுப்பேன் என்று தென்காசி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி இல்லை, மகன் துபாயில். பார்வை மங்கி, போன வாரம் வாசற்படியில் உருண்டிருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு மிஞ்சாது.

வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் சாஜிதா ஊரைக் கூட்டினாள். மதியச் சாப்பாடு மகளிர் குழு மாரிச்செல்வி பொறுப்பு. மாத்திரைக்கு ஜமாத் இத்ரீஸ். நடைப்பயிற்சிக்குக் குற்றாலத்திலிருந்து பிசியோதெரபி மணிமுத்து. எல்லாரையும் ஒரு வாட்ஸப் குழுவில் போட்டாள். ஒருவரும் ஒருநாளும் தவறவில்லை. சர்க்கரை ஏறியது.

"கவனிப்பு பத்தல" என்றார் இத்ரீஸ். ஆளுக்கு இன்னொரு நடை போய்வர முடிவானது. சர்க்கரை இன்னும் ஏறியது.

சாஜிதா ஒருநாள் தன் முறை இல்லாத நேரத்தில் போய் நின்றாள். அடுப்பில் டீ கொதித்தது. துல்கர்னைன் இனிப்பு டின்பாலைத் தாராளமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். சவூதியில், தம்மாமில் டீக்கடை நடத்திய கை. கண் தெரியாவிட்டாலும் அளவு தெரியும்.

"யாருக்கு மாமா?"

"மணிமுத்து வருவான்லா. ஐந்தருவி ரோட்டுல சீசன் கூட்டத்துக்குள்ள இடிபட்டு வாறான்."

"ரெண்டு கிளாஸ் இருக்கே?"

"வந்த ஆள ஒத்தையில குடிக்க விட்டுட்டு நான் மோட்டு வளையப் பாக்கவாட்டி?"

"மத்தவங்க வந்தா?"

"அவுக மட்டும் என்ன பாவம் செஞ்சாக?"

தினமும் சர்க்கரை பார்க்க வந்து, தானும் ஒரு கிளாஸ் குடித்துப் போனது சாஜிதாவுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"இனிமே யாருக்கும் டீ போடாதிய."

"அப்ப யாரும் வராதிய" என்று அவர் கதவைச் சாத்தப் போனார்.

"சரி, போடுங்க. எல்லாருக்கும் சீனி இல்லாம, பால் இல்லாம."

"அத டீன்னு சொல்லாத."

"கண்ணு வேணுமா, வேண்டாமா?"

அவர் தூளை அள்ளிக் கொட்டினார். கோபத்தில் அளவு தப்பியது. மறுநாளும் தப்பியது.

கொடுப்பதைக் குடிக்க வேண்டும், நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் வேண்டும் எனக் குழுவில் சாஜிதா உத்தரவு போட்டாள். குடித்தார்கள், சொன்னார்கள். சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனும் முடிந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். துல்கர்னைன் டீ கொடுத்தார். இத்ரீஸ் ஒரு மடக்கு விழுங்கி, "அபாரம்" என்றார்.

துல்கர்னைன் அவர் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"ஏ இத்ரீஸு, இத்தன நாளும் இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா அபாரம்னு சொன்ன?"