முள்ளு பொய் சொல்லுது

"துடிக்குது! துடிக்குது!" என்று தேவராஜ் வண்டிக்குள்ளிருந்து கத்தினான்.

மேளம் நின்றது. ஒப்பாரி பாதியில் நின்றது. சரவெடி கொளுத்தப் போனவன் எரியும் தீக்குச்சியோடு நின்று விரலைச் சுட்டுக்கொண்டான். வண்டியின் பின்புறம் பூப்பாடையில் படுத்திருந்த நாகேந்திரனை நூறு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி, "ஐயோ, உசுரு கீதுடீ!" என்று வீறிட்டாள். ஒருவன் பாடை மேலேயே ஏறி நாகேந்திரனின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினான்.

"அட இன்னாய்யா நீங்க! மாமா துடிக்கல. மீட்டர் முள்ளு துடிக்குது. இஞ்சின் சூடாவுது!" என்றான் தேவராஜ், இன்னும் பெரிய குரலில்.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி நாகேந்திரன் பெண்சாதி கன்னியம்மாளும் நம்பிவிட்டாள். கை நிறைய வளையலும் தலை கொள்ளாத பூவுமாக வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவள், ஒரு காலைத் தூக்கி வண்டியில் வைத்தேவிட்டாள். அதைத் திரும்பக் கீழே இறக்குவது இருக்கிறதே, அது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த ஆத்திரமெல்லாம் கூடப் பிறந்த தேவராஜ் தலையில் விடிந்தது.

"வாயத் தொறந்தா ஒழுங்காத் தொறடா, பேமானி!"

வெள்ளானூரில் அந்தத் தெருவுக்கே அந்த டீசல் பிக்கப் வண்டியைத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போகிற வண்டி. நாகேந்திரன் பதினோரு வருஷமாக ஓட்டினான். கடைசி ஒரு வருஷமாக அதற்கு ஒரு வியாதி. கொஞ்ச தூரம் ஓடினால் போதும், சூடு காட்டும் முள் எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும். கரையான்சாவடி மெக்கானிக் ஜேம்ஸ் மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் ஒரே தீர்ப்பு.

"ஹெட்டு போயிடுச்சி அண்ணாத்தே. இஞ்சின எறக்கணும். இல்லாட்டி எடைக்குப் போட்டுடு."

"இஞ்சின் கல்லு மாதிரி கீது. முள்ளு பொய் சொல்லுதுடா" என்பான் நாகேந்திரன்.

"எப்டிச் சொல்ற?"

"எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு விளக்கம் வாங்க முடியாது. தெருவே அவனைக் கிண்டல் செய்தது. "இன்னா நாகேந்திரா, இன்னிக்கி முள்ளு இன்னா பொய் சொல்லிச்சி?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. கன்னியம்மாளும் சேர்ந்துதான் சிரித்தாள். "இந்தா மே, நீயே வந்து ரேடியேட்டர் ஓஸ்ல கை வெச்சிப் பாரு. பத்து எண்ற வரிக்கும் கை வெச்சிருக்க முடிஞ்சா அது பொய்யி" என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். "உலையில அரிசி வேவுது, நீயும் உன் ஓஸும்" என்று ஒரு நாளும் அவள் போகவில்லை.

நேற்று காலை காப்பி தம்ளரைக் கையில் வாங்கினவன், "நெஞ்சு ஒரு மாதிரி கீது மே" என்றான். தம்ளர் உருண்டு நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூணு வயசு.

"நான் போனா என் வண்டிலதான் போவணும்" என்று அவன் சொல்லிவைத்தது ஊருக்கே தெரியும். தேவராஜ் வேண்டாம் என்று தலைகீழாக நின்றான். "நடு ரோட்ல நின்னுச்சின்னா மானம் போயிடும்க்கா. ஆவடிலேந்து வண்டி சொல்லிடறேன்." கன்னியம்மாள் மசியவில்லை. உயிரோடிருந்தவரை அவனுடைய ஒரு பேச்சுக்கும் மரியாதை கொடுத்ததில்லை. இந்த ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மகன் உலகநாதன் அம்மா பக்கம். ஜேம்ஸையே கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். இப்போது தெருமுனை தாண்டவில்லை, அதற்குள் முள் எழுந்து நிற்கிறது.

ஜேம்ஸ் பானெட்டைத் திறந்தான். அவ்வளவுதான், மேளக்காரர் உள்பட ஆம்பளைகள் எல்லாரும் வண்டிக்கு முன்னால் போய்விட்டார்கள். பின்னால் நாகேந்திரன் தனியாகக் கிடந்தான். தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற உலகநாதனுக்குப் போவதா நிற்பதா தெரியவில்லை.

"ரேடியேட்டர்ல எளநீ ஊத்து. குளுமையா இருக்கும்."

"எளநீ ஊத்துனா துரு புடிக்கும்யா. மோரு ஊத்து."

"எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்துனீங்களா மொதல்ல?"

தேவராஜ் அம்பத்தூரில் கடைசல் பட்டறையில் வேலை செய்பவன். அதனால் உலகத்தில் ஓடுகிற எல்லாமே தனக்குத் தெரியும் என்பது அவன் எண்ணம். "மூடியத் தொறந்து ஆவிய வுடுங்கப்பா" என்று கையை நீட்டினான்.

ஜேம்ஸ் அந்தக் கையில் ஒரு அடி போட்டான். "மூஞ்சி வெந்து பூடும். மாமன் கூடவே போவணுமா நீயி?"

தேவராஜ் அக்காவிடம் வந்தான். "பாத்தியாக்கா? நான் சொன்னேன்ல? ஆவடிக்கு ஒரு போன் போட்டா அரை அவுருல வண்டி வந்துடும். பாடைய மாத்திக்கலாம். பொழுது சாஞ்சிட்டா எடுக்க முடியாது."

நடுத்தெருவில் அவனை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றுவதை நினைத்தாள். அவன் வண்டி மேல் உள்ள கெட்ட பெயர் அவனோடு சுடுகாடு வரைக்கும் போகும். இனி எந்தக் காலத்திலும் அதை யாரும் மாற்ற முடியாது. தெருமுனையோடு பெண்கள் திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கம். திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

"தள்ளு" என்று சொல்லி, கன்னியம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வளையலும் பூவும் கதவில் மாட்டிக்கொண்டன. யாரும் தடுக்கவில்லை. அன்றைக்கு அவளைத் தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது பொட்டு. சூடு காட்டும் மீட்டரின் கண்ணாடி மேல் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள். நடுவில் பச்சை, சிவப்புக் கோடு தொடங்குகிற இடத்தில் மெரூன், கடைசியில் கறுப்பு. போன பொங்கலுக்கு அவள் ஆசையாக வாங்கிய அட்டையில் மூன்று பொட்டு காணாமல் போய், பக்கத்து வீட்டு முனியம்மாவோடு நாலு நாள் பேசாமல் இருந்தாளே, அந்தப் பொட்டு!

"இன்னாடா இது?"

ஜேம்ஸ் தலையைச் சொறிந்தான். "அண்ணாத்தே வெச்சது அண்ணி. முள்ளு பச்சைக்கு வந்தா தண்ணி பாரு. மெரூனுக்கு வந்தா பெல்ட்டப் பாரு."

"கறுப்பு?"

"கறுப்புக்கு வந்தா பொய்யி. ஓட்டிகினே இரு."

முள் கறுப்புப் பொட்டின் மேல் நின்று துடித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் அதையே பார்த்தாள். பிறகு பக்கத்து மீட்டரைப் பார்த்தாள். அது டீசல் காட்டுகிற மீட்டர். அந்த முள்ளும் உச்சியில் நின்றது.

"ஜேம்ஸு, டீசல் யார் போட்டது?"

"யாரும் போடல. ஃபுல்லா கீதே."

"எப்டிறா ஃபுல்லாவும்? முந்தாநாளு சாயங்காலம் குச்சி வுட்டுப் பாத்துட்டு, அடியில ஈரந்தான் கீது, நாளைக்கி பங்க்குக்குப் போவணும்னாரு. நாளைக்கி காலைல…"

ஜேம்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஓடிப்போய் பூப்பாடையின் ஓரத்திலிருந்து ஒரு மூங்கில் குச்சியை உருவி, டேங்க்குக்குள் விட்டு எடுத்தான். குச்சி நுனியில் அரை விரல் ஈரம். முன்பக்கம் போய் ரேடியேட்டர் ஓஸைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். தொடத் தயங்கினான்.

கன்னியம்மாள் இறங்கி வந்து, ஓஸைக் கையால் இறுகப் பிடித்தாள். "ஒண்ணு" என்றாள். ஐந்து வரைக்கும் அவள் மட்டும் எண்ணினாள். ஆறிலிருந்து தெருவே சேர்ந்து எண்ணியது. "பத்து!" என்று முடித்தபோது மேளக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு அடி அடித்துவிட்டார்.

"சூடு கீது. சோறு பெசையற சூடுதான்" என்றாள்.

ஜேம்ஸ் நெற்றியில் அறைந்துகொண்டான். "ரெண்டு முள்ளுக்கும் ஒரே டப்பாலேந்துதான் கரண்ட்டு வருது. டப்பா கெட்டா ரெண்டும் சேந்து ஏறும். ஏன் எனக்கு இது புரியல? எங்கிட்ட வர்றப்பல்லாம் அண்ணாத்தே டேங்க்க ரொப்பிகினு வருவாரு. டீசல் முள்ளு சரியாத்தான் கீதுன்னு நெனச்சிட்டேன்."

"எதுக்குடா ரொப்பிகினு வந்தாரு?"

"வைத்தியம் பாக்கப் போவசொல்ல வெறும் வயித்தோட போவக்கூடாதாம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. தலையில் துண்டைப் போட்டிருந்த துலுக்கானம் பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கன்னியம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் ஊர் முழுக்கச் சிரித்தது, அந்தாள் சொன்னதுதான் நிஜம். பெருமையோடு கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள்.

"அந்த டப்பாவ ஒரு தட்டு தட்டிப் பாக்கறேன்" என்று ஜேம்ஸ் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டான். டப்பா வரவில்லை, ஒரு காகிதம் வந்தது. நாலாக மடித்து இடுக்கில் சொருகியிருந்தது. "மீட்டர் ஆடி சத்தம் போடாம இருக்க வெச்சிருப்பாரு" என்று அவள் கையில் கொடுத்தான்.

மடிப்பைப் பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாசி மாசம் தலை சுற்றுகிறது என்றவனை அவள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு ஆவடியில் டாக்டரிடம் காட்டினாள். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அது. வெளியே வந்ததும், "அந்தாளு மீட்டரும் பொய் சொல்லுது மே" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாத்திரை வாங்கியாச்சா?" என்று கேட்டபோதெல்லாம், "வண்டிலயே வெச்சிகினு கீறேன், வேளாவேளைக்கிப் போட்டுக்கறேன்" என்றான். சீட்டில் மருந்துக்கடை முத்திரை எதுவும் இல்லை.

மாத்திரை இல்லை. சீட்டுதான் வண்டியில் இருந்தது.

"அடப்பாவி மனுசா" என்றாள். பின்னால் போய் பாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: "அந்த மீட்டரு பொய் சொல்லலயே. நீதானேய்யா சொன்ன? நானும் சிரிச்சிகினே நம்புனேனே!"

அப்போதுதான் அவள் அழுதாள். நேற்றிலிருந்து அழுததெல்லாம் வந்தவர்களோடு சேர்ந்து அழுதது. இது வேறு.

துலுக்கானம் தன் பம்ப்செட்டுக்கு வைத்திருந்த டீசல் கேனைக் கொண்டுவந்து ஊற்றினார். உலகநாதன், "அம்மா, எடுக்கட்டுமா?" என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எட்றா வண்டிய. முள்ளு எங்க வேணா போவட்டும். நிறுத்தாத."

மேளம் எழும்பியது. வண்டி முனையில் திரும்பி ஏரிக்கரைப் பக்கம் போனது. பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அவள் காது ரோட்டில்தான் இருந்தது. எங்கேயாவது நின்று தொலைத்ததோ?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வண்டி வந்து வாசலில் நின்றது. தேவராஜ் முதலில் குதித்தான். "ஒரு எடத்துல நிக்கலக்கா! போவசொல்லயும் கறுப்பு, வர்றசொல்லயும் கறுப்பு. நான் அப்பவே நெனச்சேன், அது முள்ளு கோளாறுன்னு."

ஜேம்ஸ் இஞ்சினை அணைக்காமலே சீட்டை விட்டு இறங்கி நின்றான். "நாளைக்கி டப்பாவ மாத்திக் குடுத்துடறேன் அண்ணி. அந்தச் சீட்ட எடுத்ததுலேந்து வழியெல்லாம் மீட்டரு கடகடன்னு ஒரே சத்தம்."

கன்னியம்மாள் உள்ளே போய், விளக்கு மாடத்திலிருந்து சீட்டை எடுத்துவந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மீட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. சீட்டைப் பழைய மடிப்பு பார்த்து நாலாக மடித்து, அந்த இடுக்கில் வைத்து விரலால் அழுத்தினாள். சத்தம் நின்றது.

"ஆஃப் பண்ணிடட்டா அண்ணி? டீசலு அவ்ளோவா இல்ல."

"கீற வரிக்கும் ஓடட்டும்பா" என்றாள்.

ஜேம்ஸ் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். ஈரத் தலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முள் கறுப்புப் பொட்டின் மேல் நின்றது.