டொர்காஸ் அக்காவின் பால்புட்டி

ஆகஸ்ட் வெயில் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். பஞ்சு மில்கள் நிறைந்த எங்கள் லங்காஷயரில் பச்சைக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு காண்கிற மாதம் அது. எந்தப் பிள்ளை எதனால் செத்தது என்று வீடு வீடாக ஏறி விசாரித்து, நகரசபை டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என்னுடையது. எட்வர்ட் ராஜா பட்டத்துக்கு வந்த ஆறாம் வருஷம், காப்டன் தெருவில் மட்டும் மூன்று சாவு.

எதில் பால் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான்: "டொர்காஸ் அக்கா புட்டியில."

டொர்காஸ் அக்கா தங்கமான மனுஷி. தாய்மார் மில்லுக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். தன் பால்புட்டியை யார் கேட்டாலும் இரவல் கொடுப்பாள். நீள ரப்பர் குழாய் வைத்த புட்டி. குழாயை வாயில் வைத்துவிட்டால் பிள்ளை தானே சப்பிக்கொண்டு கிடக்கும். கழுவலாம் என்றால் குழாய்க்குள் எந்தப் பிரஷ்ஷும் நுழையாது.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு ஓடினேன். மில்லுக்குப் போயிருந்த லவினியாவின் நாலு மாதப் பையன் வில்ஃபி தொட்டிலில் துவண்டு கிடந்தான். காலையிலிருந்து ஆறு தடவை போயிருந்தானாம். வாயில் அதே குழாய்.

"அதை முதல்ல எடு அக்கா!"

"வந்ததும் வராததுமா ஏண்டி எஃபி கத்துற? நீ பெத்தியா, வளர்த்தியா?"

ரொட்டிக் கத்தியால் குழாயை நீளவாக்கில் கிழித்துக் காட்டினேன். உள்ளே பச்சையாகத் திரைந்த பால். அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

கொதித்து ஆறிய நீரைக் கரண்டியால் புகட்டினோம். முதலில் வழிந்தது, பிறகு விழுங்கினான்.

"அப்போ அந்த மூணு பிள்ளைங்க?"

ஊரே என் வாய்க்குப் பயப்படும். அன்று கிழிந்த குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "வெயில் அக்கா. இந்தப் பாழாப்போன வெயில்."

"பொய் சொல்லக்கூட வரலடி உனக்கு." பிள்ளையை என் மடியில் போட்டுச் சால்வையை எடுத்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து மில் சங்கு ஊதியது. "அந்த மூணு பேரும் வீட்டுக்கு வந்துடுவாளுங்க. நானே சொல்லணும். சொல்லாட்டி அடுத்த பிள்ளைக்கும் இந்தப் புட்டியையே வாங்கிடுவாளுங்க."

"கொன்னுடுவாளுங்க அக்கா!"

"கொல்லட்டும். கரண்டியை நிறுத்தாதே."

லவினியா வந்தாள். இருவரும் மாற்றி மாற்றிப் புகட்டினோம். பொழுது சாய அக்கா திரும்பினாள், கண்கள் வீங்கி. பின்னாலேயே பிள்ளையைப் பறிகொடுத்த அந்த மூன்று பேரும். சண்டைக்குத்தான் என்று நான் எழுந்து நின்றேன்.

மூத்தவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "பையன் குடிச்சானா?"

"குடிச்சான்" என்றேன்.

"கரண்டியைக் கொடு. ராத்திரி முழுக்க நாங்க முறை வெச்சுப் பார்த்துக்கறோம். அக்கா, நீ கொஞ்சம் படு."