மருந்து கொடுத்த சர்க்கரை

நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் பிரிவில் மேலாளர் எரிந்து விழுந்தார். “ஒரு ஃபைலுக்கு ரெண்டு நாளாம்மா?”

ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த கோடிங் பெண் அசரவில்லை. தையல்காரர் ஒருவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கியிருந்தது. வழக்கமான எண்ணைப் போட்டுத் தள்ளாமல் பழைய தாள்களைத் துருவியவள், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு கொடுத்த பிறகே சர்க்கரை வந்ததைக் கண்டுபிடித்து, டாக்டரிடம் எழுதிக் கேட்டிருந்தாள். “மருந்தால் வந்ததுதான்” என்று அவரும் எழுதித் தந்துவிட்டார். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். அவர் கண்ணுக்கே தப்பியிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் அறிக்கையை மேலாளரே கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்தார். தையல்காரரின் மனைவி வாசித்தாள். வாயைக் கட்டவில்லை என்று எட்டு வருடமாகக் கணவரைக் கரித்துக்கொட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

“நிறுத்தாத,” என்றார் தையல்காரர். “முதல்லேருந்து படி. கொஞ்சம் சத்தமா.”