டிராலியின் சாய்வு

கடல் மீட்புக் குழுவின் ஜெட் ஸ்கி எங்கள் பட்டறைக்கு வந்தபோது குறை சின்னதாகத்தான் தெரிந்தது. கைப்பிடியில் உள்ள சுவிட்சை அழுத்தினால் பின்பக்க நாசில் மேலும் கீழும் சாய வேண்டும். சாயவில்லை. தண்ணீரைப் பின்னோக்கிப் பீய்ச்சுவது அந்த நாசில்தான். அது மேலே பார்த்தால் வண்டியின் மூக்கு தூக்கும், கீழே பார்த்தால் அமுங்கும். அலைக்குள் ஆளைத் தேடிப் போகிறவர்களுக்கு மூக்கு சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

பட்டறை மாமாவுடையது, அக்காவின் கணவர். நான் இயற்பியல் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரை என்று வந்து எட்டு மாதமாகிவிட்டது. மெக்கானிக்கை எல்லோரும் நண்டு என்பார்கள். வண்டிக்கு அடியில் பக்கவாட்டில்தான் நுழைவார். அவர் என்னை சயின்டிஸ்ட் என்பார்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. நாசிலைச் சாய்க்கும் சின்ன மோட்டாருக்கு மின்சாரம் போவதை மீட்டர் காட்டியது. மோட்டார் முனகியது, நாசில் மட்டும் அசையவில்லை. நண்டு அண்ணா இரண்டையும் இணைக்கும் கம்பியைக் கழற்றி நாசிலைக் கையால் ஆட்டினார். தடையில்லாமல் ஆடியது.

"நாசில் மேல தப்பில்ல. மோட்டாருக்குள்ள மணல் புகுந்து கியர் பல்லெல்லாம் போச்சு."

"புதுசா எது போடலாம்? ரெண்டு பேரும் சண்டை போடாம சொல்லுங்க" என்றார் மாமா.

புது எலக்ட்ரிக் மோட்டார்தான் வேண்டும் என்பது என் கட்சி. சாய்வைத் திரையில் காட்டும், கையை எடுக்காமல் மாற்றலாம். வாயால் சொல்ல வராது என்பதால் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நண்டு அண்ணா வாங்கிப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு சயின்டிஸ்ட். ஆனா மணலுக்குப் படிக்கத் தெரியாதே."

அவர் கட்சி, கையால் இழுக்கும் லீவரும் கேபிளும். மீட்புக் குழுத் தலைவி, கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், அவர் பக்கம் சாய்ந்தார். "இழுத்தா வரணும், தள்ளினா போகணும். எனக்கு அது போதும்."

மறுநாள் நண்டு அண்ணா லீவரைப் பொருத்திக் கேபிளை இழுத்துக் கட்டினார். "லீவர் நடுவுல நின்னா நாசில் நேரா நிக்கணும். அதை நீ செட் பண்ணு. தோத்தவங்களுக்கும் ஒரு வேலை குடுக்கணும்ல" என்று சிரித்துவிட்டு வேறு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வண்டி டிராலி மேல் நின்றது. நான் ரசமட்டத்தை எடுத்து நாசில் மேல் வைத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும் வரை கேபிள் நட்டைத் திருகினேன். பிறகு நாசில் மேலும், அதற்குத் தண்ணீரைத் தள்ளும் பம்பு மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தேன். கண்ணளவில் செய்யும் பட்டறையில் முதன்முதலாக ஒன்றை அளந்து செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ஓட்டிப் பார்க்கப் போன கேப்டன் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். கீழுதடு பிளந்து ரத்தம் வழிந்தது. கைப்பிடியில் முகம் மோதியிருக்கிறது.

"குதிரை மாதிரி குதிக்குது. லீவரை முழுசா கீழ தள்ளிட்டேன். மூக்கு இறங்கவே மாட்டேங்குது."

அவர் குழு ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாப்பா அப்பவே எலக்ட்ரிக்னு தலையால அடிச்சிக்கிச்சு. கேட்டியா நீ? மணலுக்குப் படிக்கத் தெரியாதாம்! பேச்சு மட்டும் ஏழூருக்குக் கேக்கும்."

"கேபிளை ஒழுங்காத்தான் கட்டினேன்" என்றார் நண்டு அண்ணா.

"இனிமே மீட்பு வண்டியில நீ கை வைக்க வேணாம். போய் அந்தப் பழைய இன்ஜினைக் கழுவு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வண்டியை மறுபடியும் டிராலியில் ஏற்றி வைத்தார்கள். சாப்பாட்டு நேரம், பட்டறையில் யாரும் இல்லை. வழக்கம்போல் வண்டியின் பின்துளை மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் தானாகப் பின்னால் வந்து வடிந்தது. தானாக எப்படி வரும்? டிராலியின் பின்பக்கமே தாழ்வு. தண்ணீர் வடியட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எட்டு மாதமாக அந்த மூடியைத் திறப்பவள் நான்.

ரசமட்டத்தைப் பம்பின் மேல் வைத்தேன். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் முட்டிக்கொண்டது.

எந்த அளவும் எதைப் பொறுத்து என்று கேட்பது கல்லூரியில் எங்களுக்கு முதல் வாரப் பாடம். நான் தரையைப் பொறுத்து அளந்திருந்தேன். நாசில் நேராக இருக்க வேண்டியது பம்புக்கு. தரைக்கு மட்டமாக நின்ற நாசில், வண்டி தண்ணீரில் இறங்கியதும் வானத்தைப் பார்த்திருக்கிறது. லீவரை முழுக்கக் கீழே தள்ளியும் அது நடுவுக்குத்தான் வந்திருக்கும்.

ஸ்பானரை எடுத்து நட்டை ஆறு சுற்று திருப்பினேன். நாசில் பம்புக்கு நேராக வந்தது. என் வெள்ளைக் கோடு இரண்டாக விலகி நின்றது. அதை அழிக்கத் தோன்றவில்லை என்று சொல்ல ஆசை. அழிக்கத் துணி தேடினேன். கிடைப்பதற்குள் மாமா வந்துவிட்டார். ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அவர் எலக்ட்ரிக் மோட்டாருக்கு விலை கேட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பழைய இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்த நண்டு அண்ணாவிடம் போய் நின்றேன்.

"அண்ணா, அந்த நாசிலை நான் ரசமட்டம் வச்சு செட் பண்ணிட்டேன்."

பிரஷ் நின்றது. "டிராலி மேல இருக்கும்போதா?"

"ம். நேத்து மத்தியானம் சரி பண்ணிட்டேன். மன்னிச்சிருங்கண்ணா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா?"

மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

வண்டி டிராலியில் இல்லை. லீவரைக் கழற்றுவதற்கு முன் குறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று மாமா படகுத்துறைக்குக் கொண்டுபோயிருந்தார். ஓடினேன். கேப்டன் வண்டி மேல் உட்கார்ந்து இன்ஜினை உறுமவிட்டிருந்தார். உதட்டில் தையல். மாமாவும் நேற்று வந்த இரண்டு பேரும் துறையில் நின்றார்கள்.

"நான்தான் தப்பா செட் பண்ணேன்" என்றேன்.

"என்ன?" என்றார் கேப்டன்.

மறுபடி சொன்னேன்.

"கேக்கலம்மா, சத்தமா சொல்லு!"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அதே நேரம் அவர் இன்ஜினை அணைத்தார்.

"நாசிலைத் தப்பா செட் பண்ணது நான்! அண்ணா இல்ல!"

துறை முழுக்கக் கேட்டது. வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

கேப்டன் தையலைத் தொட்டுக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு?"

"சரி பண்ணிட்டேன். நேத்தே."

"நேத்தேவா?" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம்.

"ஏறு, பின்னால உக்காரு" என்றார் கேப்டன். "குதிச்சா உனக்கும் சேர்த்து ரெண்டு தையல் போடட்டும்."

குதிக்கவில்லை. லீவரை இழுத்தால் மூக்கு எழுந்தது, தள்ளினால் இறங்கியது. கரையேறியதும் கேப்டன் மாமாவிடம் சொன்னார்: "லீவரே இருக்கட்டும். இதை நண்டுதான் பாக்கணும். வேற யாரும் வேணாம்."

பட்டறையில் மாமா நண்டு அண்ணாவிடம், "வந்து கேபிளை ஒரு பார்வை பாருய்யா" என்று மட்டும் சொன்னார். அவர் எழுந்து வந்து பின்பக்கம் குனிந்தார். விலகி நின்ற என் வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தத் தின்னரையும் துணியையும் எடுத்துக் குடும்மா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு துண்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுக் கோட்டை அவரே போட்டார். அன்று முழுக்க என்னை சயின்டிஸ்ட் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.